உன் டாங்கியின் டிரைவர் வந்த நாள்

நேற்று மத்தியானம் தாமலில், எங்கள் கிணற்றடியில் கிடந்த பழைய டீசல் எஞ்சினைத் தூக்கிப் போக ஆட்கள் வந்தார்கள். பெரிய மகனின் ஏற்பாடு. கரண்டு மோட்டார் வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது, இந்தத் துருப்பிடித்த சாமான் இன்னும் எதற்கு என்பது அவன் கட்சி. தூக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து, அடியில் தேங்கிக் கிடந்த கரிய எண்ணெய் என் கையில் கொட்டிவிட்டது. மூன்று தடவை சோப்புப் போட்டேன். போகவில்லை. சாயங்காலம் காபி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனால் காபிக்கு முன்னால் டீசல் மணக்கிறது. அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை.

எனக்கு எழுபத்தெட்டு முடிந்துவிட்டது. நீ இருபத்தைந்திலேயே நின்றுவிட்டாய். உன்னை "டேய்" என்று கூப்பிட இப்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. என் பேரன் வயசு உனக்கு.

அந்த எஞ்சின் உனக்கு நினைவிருக்கும். அமாவாசைக்கு அமாவாசை தறிக்கு லீவு. அன்று காலையில் பிள்ளையார்பாளையத்திலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்துவிடுவாய். மாதம் முழுக்க காலேஜ் போக மிச்ச நேரத்தில் தறியில் உன் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சேலைக் கரைக்கு நாடா தள்ளிய கை. அந்தக் கையால் எங்கள் எஞ்சினைப் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு பாகத்தையும் மண்ணெண்ணெயில் கழுவி, பழைய வேட்டியில் வரிசையாக அடுக்குவாய். என் அப்பாவுக்கு உன்மேல் தனி மரியாதை. "அந்தப் புள்ள தொட்டாத்தான் இது வழிக்கு வருது" என்பார். நீ எஞ்சின்மேல் காதை வைத்துக் கேட்பாய். "எதனால நிக்குதுன்னு கண்டுபுடிச்சா போதும்டா. மிச்சத்த அதுவே சொல்லிடும்" என்பாய். எனக்கு அது ஒன்றுமே சொன்னதில்லை.

அறுபத்தைந்தில் நாம் இரண்டு பேரும் ஸ்டேஷன் போர்டில் தார் பூசினோம். உனக்கு எடை குறைவு என்று உன்னை என் தோளில் ஏற்றிக்கொண்டேன். நீ இந்தி எழுத்தை அழித்தாய், தார் சொட்டுச் சொட்டாக என் தலையில் விழுந்தது. கடைசியில் மொட்டை அடிக்க வேண்டி வந்தது. "எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்?" என்று வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் கேட்டார்கள். லத்தியடியும் வாங்கினோம். உனக்கு முதுகில், எனக்கு முழங்காலில். மழைக்காலத்தில் அந்த முழங்கால் இன்னும் எனக்கு வலிக்கிறது.

இரண்டு வருஷம் கழித்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில், பட்டாளத்துக்கு ஆபீசராகத் தேர்வாகிவிட்டேன் என்று நீ சொன்னபோது எனக்கு அந்தத் தார்தான் ஞாபகம் வந்தது.

"இன்னாடா இது? நேத்து போர்டுல தார் பூசுனே. இன்னிக்கி அவங்க பாஷையில சலாம் போடப் போறியா?" என்றேன்.

"பாஷைக்காகவா போறேன்? அங்க எஞ்சின் பெருசா இருக்குதுபா" என்று சிரித்தாய்.

நான் சிரிக்கவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். பரங்கிமலையில் உன் பயிற்சி முடிந்து அணிவகுப்பு நடந்த நாளில் உன் அப்பாவும் அம்மாவும் ரயிலேறிப் போனார்கள். நான் போகவில்லை. தோளில் நட்சத்திரம் வைத்த உன் போட்டோவை உன் அம்மா கொண்டுவந்து காட்டினார். "நல்லா இருக்கும்மா" என்றேன். அது மட்டும்தான் சொன்னேன்.

எழுபதில் நீ லீவில் வந்திருந்தாய். வைகாசி கருட சேவைக் கூட்டம். தேரடி பக்கம் நாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்போது யாரோ உன் காலை மிதித்துவிட்டார்கள். "அரே பாய்!" என்று உன் வாயில் வந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தேன். பின்னாலேயே ஓடி வந்தாய்.

"டேய், இதுக்கா கோச்சுக்கினு போறே? வாய் தவறி வந்துட்டுதுடா."

"உன் ஆளுங்க கிட்டயே போய்ப் பேசு" என்றேன்.

உன்னிடம் நான் நேரில் சொன்ன கடைசி வார்த்தை அதுதான். இருபத்து நாலு வயசில் கொள்கை என்பது மூக்கு நுனியில்தான் இருக்கும் போலிருக்கிறது. என்னைச் சமாதானப்படுத்த இப்படி ஏதாவது சொல்லிக்கொள்கிறேன். நெடுநாளாகச் சொல்லிச் சொல்லி அதுவும் அலுத்துவிட்டது.

அதன் பிறகு நீ எனக்கு மூன்று கடிதம் எழுதினாய். மூன்றாவதில் இப்படி இருந்தது: "என் டாங்கியின் டிரைவர் ஒரு வடக்கத்தி ஜாட் பையன். அவனுக்கு நான் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அவன் என் இந்தியைத் திருத்துகிறான். அவன் வலது, இடது, நிறுத்து, போ வரைக்கும் தேறிவிட்டான். நான்தான் இன்னும் ஃபெயில்." பதில் எழுத வேண்டும் என்று மேசை டிராயரில் வைத்தேன். பள்ளிக்கூடத்தில் காலாண்டுப் பரீட்சை, விடைத்தாள் கட்டு. பிறகு யுத்தம் வந்தது.

டிசம்பரில் ஒரு நாள் பத்தாவது வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். உங்கள் வீட்டிலிருந்து ஆள் வந்தது. தந்தி இங்கிலீஷில் இருக்கிறது, வாத்தியார் வந்து படிக்க வேண்டுமாம். சைக்கிளில் போகும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வாசலில் உன் அப்பா தந்தியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்தார், புதுச் சேலையை விரித்துக் காட்டுவது போல. நான் அதை மனதுக்குள் படித்தேன். பிறகு தமிழில் சொன்னேன். என்ன வார்த்தை போட்டுச் சொன்னேன் என்பது எனக்கு ஞாபகமில்லை. உன் அம்மா என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு "சரியாப் படிப்பா, இன்னொரு தரம் சரியாப் படிப்பா" என்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அதன் பிறகு மாலைகள், பேச்சுகள், பத்திரிகைக்காரர்கள். பொங்கலுக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. உன் கறுப்பு டிரங்குப் பெட்டி வந்தது. நீ எப்படிச் செத்தாய் என்று யாருக்கும் தெரியவில்லை. பட்டாளத்திலிருந்து வந்த கடிதத்தில் "துணிச்சலுடன்", "கடமையின்போது" என்று இருந்தது. உன் அம்மாவுக்கு அதை எத்தனை தடவை படித்துக் காட்டினாலும் போதவில்லை. "அதெல்லாம் சரிபா. என்ன ஆச்சு?" என்பார்.

என்ன ஆச்சு என்று தெரிந்தவன் சித்திரை வெயிலில் வந்தான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. உன் அம்மா ஆள் அனுப்ப, நான் போனேன். கூடத்தில் பாயில் ஒரு பையன் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். நல்ல உயரம், இருபத்திரண்டு வயசிருக்கும். ஜட்காக்காரர் ஸ்டேஷனிலிருந்து அழைத்து வந்து விட்டுவிட்டுப் போயிருந்தார். ஒரு துண்டுக் காகிதத்தில் உன் பெயரும் விலாசமும். பல்தேவ் என்று தன் நெஞ்சைத் தொட்டுச் சொன்னான். "டிரைவர்" என்றான். அந்த ஒரு சொல் எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. அதற்குமேல் அவன் படபடவென்று பேசியது எதுவும் புரியவில்லை.

அவன் கைகளை அப்போதுதான் பார்த்தேன். மணிக்கட்டுக்குக் கீழே இரண்டு கையிலும் தோல் புதிதாக, வெளிர் சிவப்பாக, பளபளவென்று இருந்தது. விரல் மடங்கவில்லை. அந்தக் கையால் உன் அம்மாவின் காலைத் தொட்டான். தன் அம்மா கொடுத்தனுப்பியது என்று சைகை காட்டி, ஒரு துணி மூட்டை வெல்லத்தை நீட்டினான்.

கடைத்தெருவில் தையல் மிஷின் போட்டிருந்த ரஹ்மத் பாயைக் கூட்டி வந்தேன். நம் பள்ளிக்கூட நாளில் நமக்கு அரைக்கால் சட்டை தைத்தவர். வீட்டில் உருது பேசுகிறவர். ஊரிலேயே இந்தி வேண்டாம் என்று கத்தியவன் இந்திக்கு ஆள் தேடி ஓடினேன். பாய் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு அப்படியே வந்தார்.

உன் அப்பா அந்தப் பையனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "வடக்கத்திப் புள்ள. சோறு எறங்காது. கோதுமை மாவு வாங்கியாறேன்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அடுத்த தெருவிலேயே மாவு கிடைக்கும். அவர் திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

பல்தேவ் சொல்லச் சொல்ல பாய் தமிழில் சொன்னார். பனி மூட்டமாம், பத்தடிக்கு அப்பால் தெரியாதாம். கண்ணிவெடி வைத்த வயல். உன் டாங்கியின் கீழே ஒன்று வெடித்து, சங்கிலிப் பட்டை அறுந்து வண்டி நின்றுவிட்டது. பீரங்கி வேலை செய்கிறது, அதனால் இருந்த இடத்திலிருந்தே சுடுவோம் என்று நீ சொன்னாயாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படிச் சுட்டீர்களாம். பின்னால் வந்த மற்ற டாங்கிகள் அதற்குள் தாண்டிப் போய்விட்டன. அப்புறம் உங்கள் வண்டிமேல் குண்டு விழுந்து தீப்பிடித்தது. "எல்லாரும் எறங்குங்கன்னு சாப், உங்க புள்ளதான், ஆர்டர் குடுத்தாராம்மா" என்றார் பாய்.

உன் அம்மா அதுவரை தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, பாயைப் பார்க்காமல், நேராகப் பல்தேவைப் பார்த்துக் கேட்டார்.

"நீ எப்டிபா வெளிய வந்தே?"

பாய் என்னைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தறியைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் பாய் அந்தக் கேள்வியை அவன் பாஷையில் கேட்டார்.

பல்தேவ் நெடுநேரம் பேசினான். நடுவில் எழுந்து நின்றான். தலைக்கு மேலே உள்ளங்கையால் முட்டி முட்டிக் காட்டினான். பிறகு ஒரு கையை முன்னால் நீட்டி, கண்ணுக்குத் தெரியாத எதையோ சுற்றினான். சுற்றிக்கொண்டே இருந்தான், மெதுவாக, பாரமானதைச் சுற்றுவது போல. அவன் முகம் வேர்த்துக் கொட்டியது. பேசி முடித்து உட்கார்ந்ததும் பாய் அளவு நாடாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார்:

"இவரு கதவு சிக்கிக்கிச்சாம்மா. உங்க புள்ளதான் தொறந்து விட்டாராம். அப்பறம் ஒரு குண்டு பட்டுச்சாம். வலி தெரியாமப் போயிட்டாராம்."

அவ்வளவு நீளப் பேச்சுக்கு இவ்வளவு சின்னத் தமிழ். உன் அம்மா பல்தேவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

உன் அப்பா மாவோடு வந்தார். அந்த வீட்டில் அதுவரை யாரும் சப்பாத்தி போட்டதில்லை. அப்பளம் மாதிரி சிலது, அட்டை மாதிரி சிலது. பல்தேவால் பிய்க்க முடியவில்லை. உன் அம்மா பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டார். அவன் ஆறு தின்றான். உன் அப்பா எதிரே உட்கார்ந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சொன்னான்?" என்று என்னிடம் அவர் அன்றைக்கும் கேட்கவில்லை, சாகிற வரைக்கும் கேட்கவில்லை.

சாயங்கால ரயிலில் அவன் அரக்கோணம் போய் வடக்கே வண்டி பிடிக்க வேண்டும். நானும் பாயும் அவனோடு ஸ்டேஷனுக்கு நடந்தோம். ரயில்வே கேட் தாண்டியதும் பாய் நின்றார்.

"வாத்தியாரே, அந்தத் தாய்கிட்ட நான் பாதிதான் சொன்னேன். அல்லா என்னை மன்னிக்கட்டும்" என்றார்.

பிறகு மீதியைச் சொன்னார். டாங்கியில் டிரைவர் மட்டும் முன்னால் தாழ்வாகத் தனியே உட்காருவானாம். நீயும் மற்ற இரண்டு பேரும் மேலே, சுழலும் கூண்டுக்குள். குண்டு விழுந்த நேரத்தில் பீரங்கியின் குழல் சரியாக டிரைவருடைய மூடிக்கு மேலே வந்து நின்றுவிட்டது. மூடியைத் திறக்க வழியில்லை. நீங்கள் மூன்று பேரும் குதித்துவிட்டீர்கள். பள்ளத்தில் போய்ப் படுத்த பிறகுதான், பல்தேவ் வரவில்லை என்பது உனக்குத் தெரிந்திருக்கிறது. எதனால் வரவில்லை என்பதும் ஒரே பார்வையில் தெரிந்திருக்கிறது. நீ திரும்பி ஓடி, எரிகிற கூண்டுக்குள் இறங்கினாய். கரண்டு செத்துவிட்டது. கைச்சக்கரத்தைச் சுற்றித்தான் அந்தக் கூண்டைத் திருப்ப வேண்டும். சுற்றினாய். குழல் கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. அவன் மூடியைத் தள்ளி வெளியே விழுந்தான். நீ வரவில்லை. அவன் எழுந்து மேலே ஏறி உன்னை இழுக்கப் பார்த்த கைதான் அந்தக் கை.

"தீ வாத்தியாரே. குண்டு இல்ல" என்றார் பாய். அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று திரும்பி நடந்தார். கொஞ்ச தூரம் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் பல்தேவும் மட்டும் பிளாட்பாரத்தில் நின்றோம்.

வண்டி வரக் கொஞ்ச நேரம் இருந்தது. அவன் என் பக்கம் திரும்பி, காதைத் தொட்டான். பிறகு மேலே இரும்பில் தட்டுவது போலக் காட்டினான். "சாப்" என்றான். அப்புறம், ஒவ்வொரு எழுத்தாகக் காப்பாற்றி வைத்திருந்ததை வெளியே எடுப்பது போல, சொன்னான்:

"இருபா. வந்திட்டேன்."

உச்சரிப்பு அவனுடையது. மற்றதெல்லாம் நீ. "இரு"வை இழுக்கிற இழுப்புகூட நம் ஊர் இழுப்பு. உள்ளே மாட்டிக்கொண்டு முட்டிக்கொண்டிருந்தவனுக்கு, அந்த மூடிமேல் குனிந்து நீ கத்தியிருக்கிறாய். இரண்டு தடவை என்று விரல் காட்டினான். அந்த அவசரத்தில் உனக்கு இந்தியும் வரவில்லை, இங்கிலீஷும் வரவில்லை. அவனுக்கு நீ கற்றுக்கொடுத்த நாலு சொல்லில் இவை இல்லை.

"மத்லப்?" என்றான். அர்த்தம் என்ன?

உன் அம்மாவுக்கு முன்னால் இதை அவன் ஏன் கேட்கவில்லை என்பது அடுத்த வார்த்தையில் தெரிந்தது. பயந்துகொண்டே கேட்டான்: "மாஃப் கரோ?" மன்னித்துவிடு, என்னால் முடியவில்லை என்று நீ சொன்னதாக இந்த நாலு மாதமும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

உனக்குக்கூட நான் சொல்லாத ஒன்று உண்டு. எட்டாவது படிக்கும்போது என் அப்பா என்னை இந்தி வகுப்புக்கு அனுப்பினார். முதல் பரீட்சை பாஸ். சர்டிபிகேட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் போராட்டத்துக்கு வந்தேன். அந்த மொழியில் ஒரு சொல்லும் பேசுவதில்லை என்று இருந்தவன், நாம் தார் பூசிய அந்தப் போர்டுக்குக் கீழே நின்று, வாயில் இருந்த நாலு சொல்லைத் தேடி எடுத்தேன்.

"நஹி, பாய். ருக்கோ. மே ஆ கயா." இல்லை தம்பி. இரு, வந்துட்டேன்.

அவன் அதை உதட்டுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். அப்படியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டான். அந்த மடங்காத கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வண்டி வந்ததும் அவன் மூட்டையை நான்தான் ஏற்றிவிட்டேன்.

பிறகு எல்லாம் நடக்கிற மாதிரி நடந்தது. எனக்குக் கல்யாணம், பிள்ளைகள், ரிட்டயர்மென்ட். உன் அப்பா போய்ச் சேர்ந்தார். பாயும் போய்விட்டார். பல்தேவிடமிருந்து சில வருஷம் கடிதம் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. இந்தி திணிக்கக் கூடாது என்று இன்றைக்கும் சொல்கிறவன்தான் நான். அது வேறு. டிசம்பரில் உனக்குப் பேனர் வைக்கிறார்கள். கூடப் படித்தவன் என்று என்னை மேடையேற்றி மைக்கைக் கொடுக்கிறார்கள். ஐந்து நிமிஷம், வருஷா வருஷம் அதே பேச்சு. வீரம் என்கிறேன், தியாகம் என்கிறேன். கை தட்டுகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் படுத்துவிடுகிறேன். அவ்வளவு அசதி.

உன் அம்மா எண்பது தாண்டி இருந்தார். மாதம் ஒரு முறை போய்ப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்புவேன். மகன் கடைசியாகப் பேசியது. அதுவும் தமிழில், அவர் சொல்லிக்கொடுத்த தமிழில். அது அவருக்குச் சேர வேண்டியது, எனக்கல்ல. ஆனால் வாசல் கதவு கிறீச்சென்றால் இன்னமும் திரும்பிப் பார்க்கிற ஒருவரிடம் "இரு, வந்துட்டேன்" என்று உங்கள் மகன் சொன்னான் என்று எப்படிச் சொல்வது? காபி குடித்துவிட்டு, ரேஷன், மழை, முழங்கால் வலி என்று பேசிவிட்டுத் திரும்புவேன்.

ஒரு நாள் அவராகவே கேட்டார். கண் தெரியாமல் போயிருந்தது.

"ஏம்பா, அந்த வடக்கத்திப் புள்ள ரயிலேறும்போது உன்னாண்ட இன்னா சொன்னான்?"

இத்தனை வருஷம் கழித்து.

"ஒண்ணும் இல்லம்மா. சப்பாத்தி நல்லா இருந்துச்சின்னான்."

அவர் என் கையைத் தேடிப் பிடித்து, புறங்கையில் மெதுவாகத் தட்டிக்கொடுத்தார்.

"நீயும் அந்த தையக்கார பாய் மாதிரியே பேசறபா" என்றார்.

அவ்வளவுதான். அன்றைக்குக்கூட நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த மழைக்காலத்திலேயே அவரும் போய்விட்டார். அவருக்குச் சேர வேண்டியது என்னிடமே தங்கிவிட்டது. இறக்கி வைக்க இடமில்லாமல் நான்தான் அதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.